பிளாஸ்டிக் விமானமும் ஒரு நீல வட்டமும்

இரண்டாம் உலகப் போர் விமானங்களைச் சின்ன அளவில் பிளாஸ்டிக்கில் ஒட்டி, வண்ணம் அடித்து, அலமாரியில் வைக்கிற பொழுதுபோக்கு ஒன்று உண்டு. தபால்தலை சேர்ப்பது மாதிரி இதற்கும் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் குறைவு. கிட் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, விலை கையைக் கடிக்கும். அதோடு "இந்த வயசில் பொம்மையா?" என்று வீட்டில் ஒரு கேள்வி வரும்.

பொம்மை என்று சிரிப்பவர்களை விட்டுவிடலாம். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. "ஆளைக் கொல்கிற கருவியை அழகு பார்த்து அலமாரியில் வைக்கிறீர்களே, இது போர் வெறி இல்லையா?" இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. கேள்வி நியாயமானது. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடுகிற முயற்சிதான். ஒரு மாதிரி விமானம் போரைக் கொண்டாடுகிறதா, போரை யோசிக்க வைக்கிறதா என்பது பெரும்பாலும் அதற்கு யாருடைய வண்ணம் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு ஹாக்கர் ஹரிகேன் என்கிற ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம்.

ஆறடி ஆள், ஒரு அங்குலம்

ஹரிகேன் பிரிட்டிஷ் போர் விமானம். வடிவமைத்தவர் சிட்னி கேம். முதன்முதலில் பறந்தது 1935 நவம்பர் 6. மொத்தம் 14,000க்கும் மேல் தயாரானது. 1940-ல் ஜெர்மன் விமானப்படை இங்கிலாந்தைத் தாக்கியபோது எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்தியது ஹரிகேன்தான். ஆனால் பேர் வாங்கிக்கொண்டு போனது ஸ்பிட்ஃபயர். சினிமாவில் ஹீரோவுக்குக் கட்-அவுட், உயிரைக் கொடுத்துக் குதித்த ஸ்டண்ட் நடிகருக்கு டைட்டிலில் ஒரு வரி, அந்த மாதிரி.

மாதிரி விமானங்களில் ரொம்பப் பிரபலமான அளவு 1/72. கணக்கு சுலபம். ஆறடி என்பது 72 அங்குலம். ஆக, ஆறடி உயரமுள்ள ஒரு ஆள் இந்த அளவில் சரியாக ஒரு அங்குலம் இருப்பான். ஹரிகேனின் இறக்கை முனைக்கு முனை 40 அடி. மாதிரியில் அது கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவுக்கே போரோடு ஒரு தொடர்பு உண்டு. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரி விமானங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. மரத்தில், இதே 1/72 அளவில், கறுப்பு வண்ணத்தில். வானத்தில் வருவது நம்ம விமானமா எதிரி விமானமா என்று நிழலுருவத்தைப் பார்த்தே சொல்ல வீரர்களைப் பழக்குவதற்காக. பொம்மை என்று நினைக்கிற பொருள் ஒரு காலத்தில் பாடப்புத்தகமாக இருந்திருக்கிறது.

ஒட்டும்போது தெரிவது

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக விமானம் இருக்கும். நகவெட்டி மாதிரி ஒரு கட்டர், அரம், உப்புத்தாள், இடுக்கி, பசை. இவ்வளவுதான் ஆயுதம். ஒவ்வொரு துண்டையும் வெட்டி, முனையைத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் பட்டி பார்க்க வேண்டும், வீட்டுச் சுவருக்குப் பார்க்கிற மாதிரியே.

ஹரிகேனின் உடம்பை உப்புத்தாளில் தேய்க்கும்போது ஒரு விஷயம் கையில் தட்டுப்படும். முன்பாதி வழவழப்பாக இருக்கும். பின்பாதியில் நீளவாக்கில் வரி வரியாக மேடு தெரியும். அவசரத்தில் அந்த மேட்டைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. ஏனென்றால் நிஜ ஹரிகேனின் பின்பாதி தகடு கிடையாது, துணி! உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரச் சட்டங்கள், அதன் மேல் இழுத்துக் கட்டி மெருகு பூசிய துணி. பழைய இரட்டை இறக்கை விமானம் செய்த அதே முறை. துணிமேல் பட்ட குண்டு சில சமயம் ஓட்டை மட்டும் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். துணி ஒட்டுப் போட்டு விமானத்தைத் திரும்ப அனுப்பிவிடலாம். ஸ்பிட்ஃபயரின் தகட்டு உடம்பைச் சரிசெய்ய அதைவிட நேரம் பிடிக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் விரலில் அந்த வரிகள் உரசும்போது புரிவது வேறு விதம்.

அடுத்தது விமானி உட்காருகிற இடம். கிட்டில் இதற்கு மட்டுமே நிறைய துண்டுகள் போய்விடும். இருக்கை, கட்டுப்பாட்டுக் கோல், கடிகாரங்கள் வரைந்த பலகை. எல்லாவற்றையும் பொறுமையாக வண்ணமடித்து உள்ளே வைத்து மூடினால் பாதி வெளியே தெரியாது. "தெரியாத இடத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?" என்று தோன்றும். அந்தக் கடிகாரப் பலகைக்கு முன்னால், எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. அங்கே இருந்தது ஒரு பெட்ரோல் டாங்க். அதில் குண்டு பட்டால் தீ நேராக விமானியின் முகத்துக்கும் கைக்கும் வரும்.

1940 ஆகஸ்ட் 16 அன்று சவுத்தாம்ப்டன் பக்கம் ஜேம்ஸ் நிக்கல்சன் என்ற விமானிக்கு இதுதான் நடந்தது. விமானம் எரிய ஆரம்பித்தது. குதிக்கத் தயாரானவர், முன்னால் ஒரு ஜெர்மன் விமானத்தைப் பார்த்துவிட்டு, எரிகிற இருக்கையிலேயே உட்கார்ந்து சுட்டுவிட்டுத்தான் குதித்தார். பிரிட்டிஷ் போர் விமானிகள் படைக்கு அந்தப் போரில் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் விருது அவருடையது. பிழைத்தவர் 1945 மே 2 அன்று, போர் முடிகிற நேரத்தில், வேறொரு விமானம் வங்காள விரிகுடாவில் விழுந்து இறந்துபோனார். அவர் மாதிரி எரிந்துபோன விமானிகளுக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற மருத்துவர் முகத்தையும் கையையும் திரும்ப ஒட்டுப்போட்டுச் சரி செய்தார். அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 1941-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர், கினிப் பன்றிகள் சங்கம்! போர் முடிந்தபோது உறுப்பினர்கள் 649 பேர்.

ஒரு அங்குல ஆள் உட்காருகிற அந்த இடத்தைச் செய்து முடித்தவனுக்குப் போர் வெறி வருமா? வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீடியோ கேமில் பட்டனைத் தட்டுகிறவனைவிட இவனுக்குக் கொஞ்சம் தயக்கம் வரும்.

பெட்டிக்குள் யாருடைய விமானம்?

சரி, ஒட்டியாயிற்று. இனி வண்ணம். முதலில் பிரைமர். பிறகு வயிற்றுப் பக்கம் வெளிர் நிறம், முதுகில் மண் நிறம், அதன் மேல் டேப் ஒட்டி வளைவு வளைவாகக் கரும்பச்சை. கடைசியாக டீக்கல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுகிற அடையாளப் படங்கள். வட்டச் சின்னம், எழுத்துகள், எண்கள் எல்லாம் அதில்தான் வரும். அந்த எண் ஒட்டிய நிமிஷத்திலிருந்து அது ஏதோ ஒரு ஹரிகேன் இல்லை. குறிப்பிட்ட ஒரு ஹரிகேன். குறிப்பிட்ட ஒருவர் அதை ஓட்டியிருக்கிறார்.

இங்கேதான் வியாபாரம் உள்ளே வருகிறது. ஒரு கிட் கம்பெனிக்குப் பெரிய செலவு எஃகு அச்சு செய்வது. அது நிலையான செலவு. அச்சு தயாராகிவிட்டால் உள்ளே ஊற்றுகிற பிளாஸ்டிக்குக்குப் பெரிய காசில்லை. போட்ட முதலை எடுக்க ஒரே அச்சைப் பல வருடம் ஓட்ட வேண்டும். அதற்குச் சுலபமான வழி, விமானம் அதுவே, டீக்கல் தாளும் பெட்டிப் படமும் மட்டும் புதுசு. எந்த டீக்கல் போடுவது? எது விற்குமோ அது. வாங்குகிறவர்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அதனால் பெட்டியில் பொதுவாக வருவது 1940 இங்கிலாந்து வானம், அதிகம் சுட்டு வீழ்த்திய விமானி, கீழே பச்சை வயல். இதில் சதி எதுவும் கிடையாது, வெறும் லாப நஷ்டக் கணக்குதான். ஆனால் அலமாரி அலமாரியாக இப்படியே அடுக்கிக்கொண்டே போனால், போர் என்றால் இங்கிலாந்து வானத்தில் நாலு மாசம் வெள்ளைக்காரர்கள் போட்ட சண்டை என்று ஆகிவிடுகிறது.

உண்மையில் ஹரிகேன் சண்டை போட்ட இடங்களில் நமக்குப் பக்கத்து வானமும் ஒன்று. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. சீனன்குடாவிலிருந்து கிளம்பிய ஹரிகேன்கள் எதிர்த்துப் போய்க் கடுமையாக அடி வாங்கின. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த மாதம்தான் சென்னையில் குண்டு விழப்போகிறது என்ற பயத்தில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடினார்கள். தாத்தா பாட்டிகளின் அந்தக் கதை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பிரிட்டனுக்கு விமானம் வாங்க உலகம் முழுக்க நன்கொடை திரட்டினார்கள். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று ஒரு பேச்சுக்கு விலை வைத்திருந்தார்கள் (நிஜ அடக்கவிலை அதைவிட அதிகம்). அந்த வகையில் நன்கொடை தந்ததற்காக 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களுக்கு "மெட்ராஸ் பிரசிடென்சி" என்ற பெயர் வந்தது. இதில் 79 இந்தியாவுக்கே வந்து பர்மா எல்லையில் ஹரிகேன் ஓட்டியது. பணம் இங்கே, பெயர் இங்கே. ஆனால் 1942 ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதும் அதே அரசாங்கம்தான்.

சிவப்பு ஏன் காணாமல் போனது?

பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னம் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவில் சிவப்பு, சுற்றிலும் நீலம், வெள்ளை. ஐரோப்பாவில் பிரச்சினை இல்லை. இந்தப் பக்கம் வந்ததும் பிரச்சினை ஆனது. ஜப்பானியச் சின்னம் முழுச் சிவப்பு வட்டம். வானத்தில் ஒரு நொடி தெரிகிற விமானத்தில் சிவப்பாக ஏதாவது தெரிந்தாலே கீழே இருப்பவன் சுட்டுவிடுவான். சொந்த விமானத்தைச் சுடுவது ஒன்றும் கற்பனை இல்லை. போர் ஆரம்பித்து மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6 அன்று, இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர்கள் தவறுதலாக இரண்டு ஹரிகேன்களைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார்.

அதனால் அமெரிக்கா 1942-ல் தன் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தை எடுத்துவிட்டது. இந்தியா, பர்மா பகுதியில் இருந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களிலும் சிவப்பு போயிற்று. கடைசியில் நின்றது கருநீல வட்டத்துக்குள் சின்னதாக ஒரு வெளிர்நீல வட்டம்.

மாதிரி செய்கிறவனுக்கு இதில் ஒரு தலைவலி. பெட்டியில் வருகிற சிவப்புச் சின்னத்தை ஒட்ட முடியாது. தனியாக டீக்கல் தேட வேண்டும், இல்லாவிட்டால் டேப்பில் வட்டம் வெட்டி வண்ணம் அடித்துக்கொள்ள வேண்டும். எண், எழுத்து, நிறம் எல்லாவற்றுக்கும் பழைய புகைப்படங்களைத் தேட வேண்டும். அவை கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையில் மண் நிறமும் சாம்பல் நிறமும் ஒன்று போலத்தான் தெரியும். பெட்டியில் இருப்பதை ஒட்டுவது ஒரு சாயங்கால வேலை என்றால், இது ஒரு மாச வேலை.

அந்த ஒரு மாச வேலைதான் செய்ய வேண்டிய வேலை என்பது இங்கே வாதம்.

இம்பால், 1944

இந்திய விமானப்படையில் 1939-ல் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். அது முதலாம் ஸ்குவாட்ரன், 1933 ஏப்ரல் 1-ல் ஆரம்பித்தது. 1944 பிப்ரவரியில் அது ஹரிகேன்களோடு இம்பாலுக்குப் போனது. தலைமை ஸ்குவாட்ரன் லீடர் அர்ஜன் சிங். அப்போது அவருக்கு வயது 24. (பிற்காலத்தில் 1965 போரில் விமானப்படைத் தளபதி. 2017-ல் காலமானார்.) மார்ச்சில் ஜப்பானியப் படை இம்பாலைச் சூழ்ந்தது. ஜூன் 22 வரை சாலை வழி மூடியே கிடந்தது. சாப்பாடு முதல் தோட்டா வரை எல்லாம் விமானத்தில் வந்தது. ஹரிகேன்களின் முக்கிய வேலை உளவு. காட்டு மேல் தாழப் பறந்து, எதிரி எங்கே நகர்கிறான், பாலம் எங்கே, பீரங்கி எங்கே என்று பார்த்து வந்து சொல்வது. அந்தச் சேவைக்காக அர்ஜன் சிங்குக்கு அங்கேயே டி.எஃப்.சி. விருதை மவுண்ட்பேட்டன் குத்திவிட்டார்.

இது வரைக்கும் பெருமை. இனிமேல்தான் சிக்கல்.

அந்தக் காட்டுக்குள் ஜப்பானியர்களோடு சேர்ந்து வந்தவர்கள் யார்? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். 1944 ஏப்ரல் 14 அன்று இம்பால் பக்கத்தில் மொய்ராங்கில் அவர்கள் கொடி ஏற்றினார்கள். அந்த ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர் சேர்ந்தார்கள். பெண்கள் படைக்குத் தலைவி சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. மேலே பறப்பவனும் இந்தியன், கீழே நடப்பவர்களிலும் இந்தியர்கள். மேலே இருப்பவன் பார்த்து வந்து சொன்ன தகவலை வைத்துப் போடுகிற குண்டு, கீழே ஜப்பானியனா ஐ.என்.ஏ.வா என்று பார்த்து விழுவதில்லை. படையெடுத்து வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சண்டையிலும் பசியிலும் நோயிலும் விழுந்தார்கள்.

இதில் யார் பக்கம் சரி? வெள்ளைக்காரனை விரட்ட ஜப்பானியனோடு சேர்ந்தவனா? ஜப்பானியன் வந்தால் இன்னும் மோசம் என்று வெள்ளைக்காரன் விமானத்தை ஓட்டியவனா? ஐ.என்.ஏ. அதிகாரிகளைச் செங்கோட்டையில் விசாரித்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. அர்ஜன் சிங்குக்கு 2002-ல் அதே நாடு விமானப்படையின் மார்ஷல் என்ற பட்டத்தைக் கொடுத்தது. இரண்டையும் செய்தது இந்தியாதான், இரண்டுமே தப்பில்லை. வணிகவியலில் இரட்டைப் பதிவு முறை என்று முதல் பாடத்திலேயே வரும். ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று எழுதியாக வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் கணக்கு நிற்காது. இம்பால் கணக்கும் அப்படித்தான். வெளிர்நீல வட்டம் போட்ட ஒரு ஹரிகேனை அலமாரியில் வைத்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் வைக்கிறோம்.

எதிர்க் கேள்விகள்

"ஒரு பொம்மைக்கு இவ்வளவு பாரமா?" என்று கேட்கலாம். பாரம் பொம்மைக்குப் புதிதாக ஏற்றியதில்லை. விமானத்திலேயே இருக்கிறது. பெட்டிப் படம் அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

"பேசாமல் பயணிகள் விமானம் செய்யலாமே?" தாராளமாகச் செய்யலாம். ஆனால் போர் விமானம் செய்யாமல் இருப்பதால் போர் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் அந்தப் போருக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வெள்ளையனே வெளியேறு இருக்கிறது, ஐ.என்.ஏ. இருக்கிறது, 1943 வங்காளப் பஞ்சமும் இருக்கிறது. இந்த 25 லட்சம் பேருக்கு அங்கே கிடைப்பது ஒன்றிரண்டு வரி.

"பிரிட்டிஷ்காரனுக்கு வேலை செய்தவனை நாம் ஏன் நினைக்க வேண்டும்?" இதுதான் கஷ்டமான கேள்வி. 1942-ல் இருபது வயதில் இருந்த ஒரு பையனுக்கு 1947-ல் என்ன நடக்கும் என்று தெரியாது. சிலருக்குச் சம்பளம், சிலருக்குப் பறக்கிற ஆசை, சிலருக்கு ஹிட்லர் மேலும் ஜப்பான் மேலும் இருந்த நிஜமான பயம். அவர்களை வீரர்களாகக் கும்பிட வேண்டாம். துரோகி என்று தள்ளவும் வேண்டாம். யார், எங்கே, எதற்காகப் பறந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். அந்தத் தெரிந்துகொள்கிற வேலையைக் கட்டாயப்படுத்துகிற பொழுதுபோக்கு வேறு எது இருக்கிறது?

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. செய்கிறவர் விமானத்தோடு அதன் கதையையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி வைக்க வேண்டும். எந்த ஸ்குவாட்ரன், எந்த மாதம், எந்த ஊர், கீழே யார் இருந்தார்கள் என்று நாலு வரி. அந்த நாலு வரி இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் அழகான விமானம். கேள்வி கேட்டவர்கள் பயந்தது அதற்குத்தான், அந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி.

அடுத்த தடவை கடையில் ஹரிகேன் பெட்டி கண்ணில் பட்டால், உள்ளே இருக்கிற சிவப்பு வட்டங்களைத் தாளிலேயே விட்டுவிட்டு, கருநீலத்தையும் வெளிர்நீலத்தையும் ஒரு தடவை முயற்சி செய்து பாருங்கள். அலமாரியில் பார்க்கிற யாராவது நிச்சயம் கேட்பார்கள், "இது எந்த நாட்டு விமானம்?" என்று. அந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?